ஒன்றாம் நம்பர் வாடிக்கையாளர்

— ஐயோ, அந்தக் கயித்தை அறுக்காதே பாப்பா!

— அறுத்தாச்சு பார்சல் மாமா. கத்தரிக்கோல் என் கையில இருக்கு, கிட்ட வராதீங்க.

— தபால் வண்டி பத்தரைக்கு வந்துரும். கால் மணி நேரம்கூட இல்ல. மறுபடி கட்டணும், முடிச்சுல அரக்கு வைக்கணும். அம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சு அதுல அடுத்த பார்சல் கட்டுவாங்க.

— உரிக்கட்டும். இன்னைக்குக் கம்பெனியை என் பேருக்கு மாத்தறாங்க. மூணு லட்சம் வாடிக்கையாளர் கார்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஒன்னாம் நம்பருக்கு மட்டும் கார்டே இல்ல. கேட்டா, "அது என் விவகாரம், நீ தொடாதே"ங்கறாங்க. அது யாருன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நாப்பது வருஷமா, வருஷத்துக்கு ஒரு பார்சல். அம்மா கையாலயே மடிச்சு, அம்மா கையாலயே விலாசம் எழுதி. கயிறு கட்டறதோட என் வேலை சரி.

— இந்தச் சீட்டைப் பாருங்க. எடை ஐம்பத்தெட்டு கிலோவாம்! பெட்டியை நான் ஒத்தைக் கையில தூக்கிட்டேன்.

— அம்மா எழுதினது.

— அப்போ அம்மாவுக்கு வயசாயிருச்சு.

— அம்மா எடையைத் தப்பா எழுத மாட்டாங்க பாப்பா. சாப்பாட்டு மேஜையில ஒரே ஒரு தையல் மிஷின். கடைக்குப் போக முடியாத பொம்பளைங்களுக்குக் கடையையே தபால்ல அனுப்பறேன்னு கிளம்பினாங்க. தொட்டுப் பாக்காம எவ துணி வாங்குவான்னு எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அன்னைக்கே ஒரு கிராம் பிசகாது.

— இந்தக் கதையை எல்லா கேட்லாக்லயும் போட்டாச்சு மாமா. அடுத்து... இது என் கோட்டு!

— உன்னோடது இல்ல.

— கண்ணு தெரியலையா? நான் போட்டிருக்கற இதே சிவப்பு, இதே பட்டன். பொறந்த நாளுக்குக் கொடுத்துட்டு, "கையெழுத்துப் போட வரும்போது இதைப் போட்டுக்கிட்டு வா"ன்னாங்க. பாருங்க, இடது கை அரை அங்குலம் குட்டை. என் இடது கை குட்டைன்னு எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

— வருஷா வருஷம் உன் அளவுலதான் ரெண்டா தைப்பாங்க. ஒன்னு உனக்கு. ஒன்னு அந்த வீட்டுக்கு.

— எந்த வீட்டுக்கு?

— சொன்னா நம்ப மாட்டே.

— நீங்க இன்னும் சொல்லவே இல்லையே! சரி, மேஜைக்கு அடியில போர்வை போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அது என்ன?

— அதைத் தொடாதே.

— தொட்டாச்சு.

— போன மாசமே வந்தது. ஒன்னாம் நம்பர் திருப்பி அனுப்பியிருக்காங்க. "எத்தனை வருஷம் கழிச்சும் திருப்பி அனுப்பலாம், ஏன்னு கேக்காம மாத்தித் தருவோம்"னு அம்மா முதல் விளம்பரத்துலயே போட்டதாச்சே.

— எல்லாமே கவுன். இது கைக்குழந்தைக்கு... பால் கறை. இது ரெண்டு வயசு. இது நாலு, ஓரம் தச்சுத் தச்சுப் போட்டிருக்காங்க. ஆறு... பையில ஏதோ கெட்டியா இருக்கு. மாமா, பல்லு! பால் பல்லு!

— போதும் பாப்பா, மூடிரு.

— ஏழு வயசுத் துணியில மடிப்புக்குக் குத்தின ஊசிகூட எடுக்கல. எட்டு, மேல சுத்தின தாளே பிரிக்கல. ஒம்பது, பத்து, இருபது... முப்பத்தொம்பது வரைக்கும் அப்படியே இருக்கு. ஆறு வயசுக்கு மேல யாருமே போடலையா?

— போட ஆள் இல்ல. காய்ச்சல். வேற ஆள் மூலமாத்தான் கேள்விப்பட்டோம். அவங்க சொல்லவும் இல்ல, அம்மா நிறுத்தவும் இல்ல. இங்கேருந்து போகும், அங்க அலமாரியில ஏறும்.

— யார் குழந்தை அது?

— உன்னோட பொறந்தது. ரெட்டை.

— பொய்.

— பொய்யா இருந்தா என் நாக்கு அவிஞ்சு போகட்டும். மிஷின் இருந்துச்சு, துணி இருந்துச்சு, விளம்பரம் போட மட்டும் வழியில்ல. பத்திரிகைக்காரர் ஒருத்தர், குழந்தை இல்லாத புருஷன் பொண்டாட்டி. "ஒரு வருஷம் கடைசிப் பக்கம் முழுசும் உனக்கு, ரெண்டுல ஒன்னு எங்களுக்கு"ன்னாங்க. உங்க அப்பா போய்ச் சேர்ந்து மூணு மாசம் அப்போ. கூடையை அம்மாவே உள்ளேருந்து எடுத்துக்கிட்டு வந்தாங்க. மேல கயிறு கட்டினது நான்.

— கயிறா?

— மூடி திறந்துக்கக் கூடாதுன்னு. மூச்சுக்கு ஓட்டை போட்டேன் பாப்பா, எட்டு ஓட்டை போட்டேன்.

— நம்ம கம்பெனியோட முதல் பார்சல்... மாமா, கூட ஒரு சீட்டு இருக்கு. நம்ம ரிட்டர்ன் சீட்டு. எழுத்தெல்லாம் நடுங்குது. "அனுப்பியது நிலைக்கவில்லை. எங்களுக்கு வயதாகிவிட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை. மாற்று தேவை." மாற்றுன்னா?

— பின்கதவு இன்னும் பூட்டல. போயிரு.

— என் கம்பெனியை விட்டுட்டு நான் ஏன் ஓடணும்?

— போன வாரம் அம்மா உன்னைப் பார்சல் தராசுல ஏத்தி விளையாடினாங்களே, எவ்வளவு காட்டுச்சு?

— அது... ஐம்பத்தெட்டு.

— போயிருன்னு சொல்றேன்ல! ஐயோ, மாடி ஸ்பீக்கர். அம்மா கூப்பிடறாங்க.

— ஏம்ப்பா பார்சலு, ஒன்னாம் நம்பர் ஆச்சா? வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது.

— வந்து... பாப்பா இங்கதான் இருக்காம்மா. சீட்டைப் படிச்சிட்டா.

— நல்லதாப் போச்சு. சொல்ற வேலை மிச்சம். பின்கதவைப் பூட்டு.

— அம்மா, உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் பெட்டி இல்ல, உங்க பொண்ணு!

— கோட்டு போட்டிருக்கியா?

— அம்மா!

— பெட்டியில இருக்கறது மாத்துத் துணி. அங்க குளிர் ஜாஸ்தி. பார்சலு, பூட்டினியா?

— ...பூட்டிட்டேம்மா.

— மாமா! நாப்பது வருஷமா என்னைத் தூக்கி வளத்த கையா அது?

— அம்மா சொன்னா நான் கட்டுவேன் பாப்பா. அன்னைக்கும் அப்படித்தான்.

— அந்தக் குழந்தை செத்ததுக்கு நான் என்னம்மா பண்ணேன்? காய்ச்சல் வந்தது யார் தப்பு?

— அது நம்ம தப்பில்ல. கைக்குப் போன சரக்கு பாழானா, அது வாங்கினவங்க பாடு. அதுக்காக இருந்தா, முடியாதுன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன்.

— பின்னே எதுக்கு? வண்டி ஹாரன் அடிக்குது, சொல்லித் தொலைங்க!

— தப்பு கம்பெனி மேலடி. தொட்டில்ல ரெண்டு பேரையும் பாத்துட்டு, இந்தக் குட்டைக் கைப் புள்ளதான் வேணும்னு அவங்க கேட்டாங்க. நான்தான் கூடையில ஆளை மாத்தி வெச்சு அனுப்பிட்டேன்.