ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு

எனக்குச் சத்தமாகப் பேசும் பழக்கம் கிடையாது. ஓடும் இன்ஜின் பக்கத்தில் நின்றே பாதி வாழ்க்கை போய்விட்டது. அங்கே கத்திப் பேசுகிறவனுக்கு ஒன்றும் காதில் விழாது. அதனால் நான் சொல்வதை நீங்கள் கொஞ்சம் கிட்டே வந்து கேட்க வேண்டியிருக்கும். யாரும் மிரட்டி நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை.

நான் ரேஸ் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிறவன். எங்கள் காரை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறையில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். "பொண்ணு குடுத்தது ஒரு வீடு, மாப்பிள்ளைங்கிறது ஊரு பூரா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சீசன் தொடங்கும் முன் இன்ஜினைப் பிரித்துக் கட்டினேன். வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது. வால்வைத் திறப்பது கேம் என்கிற சுழல்தண்டு, மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங் சோர்ந்துபோனால், மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது; வேகமாகச் சுற்றும்போது வால்வு மூட நேரமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். புதியவை வந்து சேரத் தாமதமாயிற்று. சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பழையதையே துடைத்துப் போட்டேன். புதிது போட்டாயிற்று என்று முதலாளியிடம் சொன்னேன்.

பிறகு புதியவை வந்தன. பிரிக்காத பெட்டியோடு என் அலமாரியில் வைத்தேன். கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற இன்ஜினை ஏன் திறந்தாய் என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினின் கம்ப்யூட்டரைக் கவனிக்க ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். என் மகள் வயதிருக்கும். கார் உச்ச வேகத்தில் தடுமாற ஆரம்பித்தபோது, பிளக்கை மாற்றினோம், காயிலை மாற்றினோம், பெட்ரோல் அழுத்தம் பார்த்தோம். ஒன்றும் சரியாகவில்லை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, ஸ்பார்க் கோளாறுன்னா லோடு ஏறும்போதுதான் தடுமாறும். இது லோடு இருந்தாலும் இல்லாட்டியும் அதே இடத்துல தடுமாறுது. கம்ப்ரெஷனும் நல்லா இருக்கு. வால்வு ஸ்பிரிங்கைப் பாத்துடலாமா?"

"அது புதுசும்மா. நான் போட்டது."

"புதுசுலயும் சிலது சீக்கிரம் சோர்ந்துடும்ணா. எதுக்கும் ஒருதடவை பாருங்களேன்."

மரியாதையாகத்தான் கேட்டாள். என்னைச் சந்தேகப்படவில்லை, ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்பட்டாள். இருந்தாலும் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் மட்டும் இருந்து சோதித்தேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றினால் வால்வு உள்ளே விழாமல் நிற்கும். ஸ்பிரிங்கைத் தனியே எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுத்து அளவுக்கருவியில் வைத்து அழுத்தினேன். முள் ஏற வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒன்றில் முடி மாதிரி ஒரு கீறல். கண்ணுக்கு லேசில் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டும். தட்டியது.

அவள் சொன்னது சரி.

புதியவை எட்டும் தூரத்தில் இருந்தன. அன்று மாலை எல்லோரும் போன பிறகு மாற்றியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாற்றினால் கோளாறு போய்விடும். போய்விட்டால், பிறகு எதைச் செய்து சரியானது என்று அவள் கேட்பாள், கழற்றிய பழசைக் காட்டச் சொல்வாள். கேட்காமல் விடுகிற பெண் இல்லை. கழற்றியதையே திரும்ப மாட்டினேன், கீறல் விழுந்ததையும் சேர்த்து.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவள் வாதாடவில்லை. "அப்ப ரேஸுக்கு மட்டும் இன்ஜின் சுத்துற வரம்பைக் கொஞ்சம் குறைச்சு வச்சிடறேன். எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்றாள். அந்த வரம்பைச் சில வாரங்களுக்கு முன், மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால், அவள்தான் ஏற்றிவைத்திருந்தாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க மச்சான்?"

"குறைச்சா நேர்ப்பாதையில எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"மச்சான் சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

ரேஸ் அன்று நேர்ப்பாதையின் கடைசியில், கீறல் விழுந்த அந்த ஸ்பிரிங் உடைந்தது. வால்வு உள்ளே விழுந்து, இன்ஜின் பூட்டிக்கொண்டு, பின்சக்கரங்கள் நின்றுபோயின. கார் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதியது. ஆம்புலன்ஸ் வரும்போது வேகமாக வந்தது. போகும்போது மெதுவாகப் போனது.

இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். நீ அவருடைய சொந்தக்காரன், உன்னைவிட யார் அக்கறையாகப் பார்ப்பார்கள் என்றார் முதலாளி. உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டேன். பளபளப்பு தெரியாமலிருக்க எரிந்த எண்ணெயில் முக்கி, அடுப்பில் வாட்டினேன். ஆய்வாளர் அளந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நல்ல ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றியிருக்க வேண்டும், வரம்பை ஏற்றியவள் அந்தப் பெண் என்று முடிவாயிற்று. நான் எதையும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

வேலை போன பிறகு அவள் என் தங்கை வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, நான் இன்னும் அடிச்சுப் பேசியிருக்கணும். வரம்பைக் குறைக்கணும்னு எனக்குத் தோணுச்சு. அண்ணா சொன்னாருன்னு விட்டுட்டேன். அவர் மேல தப்பில்ல, அவர் பாத்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்."

தங்கை அவளைப் பார்க்கவே இல்லை. "இவளைப் போகச் சொல்லுண்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் தெருமுனை வரை அவளோடு நடந்து போய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

என் பெயர் கெடக்கூடாது என்று பயந்தேன், அவர் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. இங்கே வருகிற வழியெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அது உண்மைதானா என்று இப்போது தெரியவில்லை. ஏனென்றால் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. இன்ஜின் சத்தம் கிழிந்த அந்த நொடியில் எல்லோரும் காரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாளா என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.