மல்லாட்டைக் கொல்லையில் எடுத்த கை எலும்பு

என் பெயர் அப்பாதுரை, வயது 52, தகப்பனார் காலஞ்சென்ற சின்னப்பையன். வேங்கிக்காலில் மனைவி ரேணுகாம்பாள், மகள் கவிநிலாவுடன் குடியிருந்து சரக்கு வேன் ஓட்டி வருகிறேன். எட்டாவது வரை படித்தேன். படித்ததாக என் வாத்தியார்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

போன வருடம் ஸ்கூட்டியில் போன கவிநிலா மீது பஸ் மோதி, வலது மேல்கை எலும்பு நொறுங்கிச் சீழ் பிடித்தது. டாக்டர்கள் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் முதலில் சிமெண்ட் வைத்து, அதன் பிறகு அவள் காலிலிருந்து ஒல்லியான எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துக் கையில் பொருத்தினார்கள். இனி கையால் நடப்பாளா என்று நான் கேட்டதற்கு டாக்டர் சிரிக்கவில்லை.

முதல் ஆபரேஷன் அன்றே, வெட்டிய எலும்பு குப்பைக்குப் போகக் கூடாது என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். மூன்று விரல் நீளம் இருக்கும். சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில், நிலக்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லை ஓரமாகப் புதைத்து, புதைத்தால் செய்வதுதானே என்று கற்பூரம் ஏற்றிப் பாலும் ஊற்றினேன். "உசுரோட இருக்கிற புள்ளைக்குப் பால் ஊத்திட்டு வந்திருக்கியே, இன்னா மனுசன்யா நீ" என்றாள் என் மனைவி. அன்று எனக்குச் சோறு இல்லை.

அதன் பிறகு கை எலும்பு கூடி, வாளி தூக்கும் அளவுக்கு வந்தது. ஆனால் சில நாள் வீட்டுக்குள் இருந்தபடியே கை நனைகிறது என்பாள். தொட்டால் ஈரம் இருக்காது, சில்லென்று இருக்கும். ஊருக்குப் போன் போட்டால் கொல்லையில் மழை என்பார்கள். வானிலை அறிக்கை என்று அவளைக் கேலி செய்து வந்தேன்.

இன்று காலை தோசை தின்றுகொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி, "யாரோ என் கையை மிதிக்கிறாங்கப்பா" என்று அழுதாள். பங்காளி பிரசாத்துக்குப் போன் செய்தேன். இப்போதுதான் கொல்லையில் டிராக்டர் இறங்கியது என்றார். உடனே போய் நிறுத்தச் சொல்லித் தோண்டினேன். நான் புதைத்த துண்டு அங்கே இல்லை. தோள் குமிழ் முதல் முழங்கை வரை முழு எலும்பு கிடந்தது. அதன் கீழ்முனையில் இரண்டு எலும்புகள் முளைவிட்டிருந்தன. பிரசாத் பயந்து போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

யாருடைய எலும்பு என்று கேட்டீர்கள், மகளுடையது என்றேன். மகள் எங்கே என்றீர்கள். இரண்டு கையோடும் வந்து ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஏட்டய்யா எலும்பைப் பையில் போட்டுக் கட்டியபோது, "கை புழுங்குதுப்பா" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

பரிசோதனைக்கு அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நான் தடுக்கவில்லை. அறுப்பதற்கு முன் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அவளுக்கு மயக்க ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) சி. அப்பாதுரை