ஆகஸ்டில் மக்காக இரு

எழுதுவதை நிறுத்திவிட்டு நீங்கள் என் பல்லைப் பார்ப்பது தெரிகிறது, மேடம். முன்பல் நான்கும் கட்டியவை. மட்டை பட்டு உடைந்தன. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு அன்றே மீதி ஆட்டத்தையும் ஆடினேன். ஐஸ் ஹாக்கியில் இதைப் பெருமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழக்கம், அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன், எங்கள் அணியின் டாக்டரம்மா எங்களை ஒவ்வொருவராகக் கணினி முன் உட்கார வைப்பார். சில வார்த்தைகளை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், வெளிச்சம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு எவனுக்காவது தலையில் அடி பட்டால் அதே சோதனைதான். ஆகஸ்டில் வாங்கிய மதிப்பெண்ணை எட்டாதவன் களத்தில் இறங்க முடியாது. அதனால் ஆகஸ்டில் நாங்கள் வேண்டுமென்றே மக்காகிவிடுவோம். எனக்கு மூத்தவர்கள் சொல்லித்தந்தது. அணிக்குப் புதிதாக வந்த பையன் கோர்பினியனுக்கு நான் சொல்லித்தந்தேன்.

"ஆகஸ்ட்ல மக்கா இருடா. ஜனவரில புத்திசாலியா இருந்துக்கலாம்."

"நான் நடிக்கவே வேணாம் கேப்டன். பள்ளிக்கூடத்துலயே நான் மக்குதான்," என்றான். உடை மாற்றும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது அவன்மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை.

அது நவம்பரில்தான் வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் தப்பாட்டம் ஆடி, களத்துக்கு வெளியே தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்ததும் எங்கள் பக்கம் சிறந்த ஐந்து பேர் இறங்குவார்கள். அதில், பனியில் வரைந்த நீலக்கோட்டில் நிற்கும் இடம் பல வருடமாக என்னுடையது. கோச் அதை அவனுக்குக் கொடுத்தார். "ஃபைட், நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கோ," என்று என் பெயரைச் சொல்லியே சொன்னார், எல்லார் முன்னாலும். ரசிகர்கள் என் பெயருக்கு அடித்த முரசை அவன் பெயருக்கு அடித்தார்கள். புது ஒப்பந்தம் பற்றிக் கேட்டால் மேலாளர், "சீசன் முடியட்டும், பாக்கலாம்," என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது. அவனைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஜனவரியில் வெளியூர் ஆட்டமொன்றில் அவன் தலை பக்கச்சுவரில் மோதியது. திரும்பும் பேருந்தில் மற்றவர்கள் பீரும் சீட்டுமாக இருந்தார்கள். இவன் என் பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு பையில் வாந்தியெடுத்தான்.

"கண்ணு கூசுது கேப்டன். டாக்டரம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லேன். ரெண்டு வாரம் உக்கார வைப்பாங்க. உன் இடத்துல எவனாவது நிப்பான்."

அவன் பையை முடிந்து காலடியில் வைத்துக்கொண்டான்; டாக்டரம்மாவிடம் போகவில்லை. அந்த எவனாவது நான்தான். பிறகு ஏன் சொல்லவிடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு வாரம் கழித்து அவன் திரும்பி வந்துவிடுவான், மேடம். இரண்டு வாரம் எனக்குப் போதாது.

மோதியதைப் பார்த்திருந்ததால் டாக்டரம்மா மறுநாள் அவனைச் சோதித்தார். "ஆகஸ்டைவிட நல்லாவே பண்ணியிருக்கியே," என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த பயிற்சி செவ்வாய்க்கிழமை. ஆறாத தலையில் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வருடந்தோறும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அவன் சுவரோரம் ஆட்டத்தின் ரப்பர் வட்டை எடுக்கக் குனிந்தான். பயிற்சியில் அப்படிக் குனிந்தவனை யாரும் இடிக்கமாட்டோம். நான் நடுக்கோட்டிலிருந்து வேகமெடுத்துப் போய்த் தோளால் இடித்தேன். கால் வழுக்கிவிட்டது என்று அன்று சொன்னேன். வழுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பனியில் எனக்குக் கால் வழுக்கியதில்லை.

ஏப்ரலில் கீழ் லீகுக்கு இறங்காமல் தப்பித்தோம். நீலக்கோட்டில் நான்தான் நின்றேன். ஒப்பந்தமும் இன்னொரு வருடம் நீண்டது. என் ஹெல்மெட்டில் அவன் சட்டை எண்ணை ஒட்டிக்கொண்டேன். அது யாரும் சொல்லிச் செய்ததில்லை.

ஞாயிறுதோறும், அந்த இடிக்குப் பிறகு அவன் இருக்கும் மறுவாழ்வு இல்லத்துக்குப் போகிறேன். அவன் அம்மா எனக்குக் கேக் வெட்டித் தருகிறார். போன வாரம் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அவனிடம் ஆப்பிள், மேசை, குதிரை என்று சில வார்த்தைகள் சொல்லித் திரும்பக் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு கேட்டான்:

"ஒண்ணுகூடச் சொல்லல கேப்டன். நல்லா நடிச்சேனா?"

"பிரமாதம்டா," என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்த அணியில் அவனை இன்றுவரை கைவிடாதவன் நான் ஒருவன்தான்.