அமாவாசையில் வந்த குழு

"அமாவாசை அன்னிக்கு வாங்கன்னு நானேதான் அவங்கள கூப்பிட்டேன்" என்றார் எதிர் இருக்கையில் இருந்த ஐம்பது வயதுக்காரர். ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோ அது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, டிபன் பையை மடியில் வைத்திருந்தார்.

"உனக்கு ஏன் மாமா இந்த வேலை?"

"தறி ரூமை மதில் வரைக்கும் இழுத்துக் கட்டிட்டோம் இல்ல? விதிப்படி இடம் விட்டா தறி உள்ள அடங்காதுப்பா. விலக்கு குடுங்கன்னு மனு போட்டேன். மாநகராட்சி அனுப்புற குழு வந்து பாத்துட்டு எழுதறதைத்தான் மாநகராட்சிக் கூட்டத்துல அப்படியே ஒத்துக்குவாங்க. அமாவாசைன்னா நமக்கு லீவு, வீடு சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

"என்ன எழுதினாங்க?"

"தறிமேல துணி போத்தியிருந்துச்சு. நெசவு நடக்கல, விலக்கு தேவையில்லைன்னு எழுதிட்டாங்க. இப்ப ரூமை இடிக்கணும்."

"அமாவாசைக்கு எவன் தறியில உக்காருவான்? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அதை எழுத ஃபாரத்துல இடம் இல்லியாம்."

இளையவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ வந்து பாக்கச் சொல்லு மாமா."

"அப்பவே எழுதிக் குடுத்துட்டேன். இன்னிக்கும் அதுக்குத்தான் ஆபீஸ் போய்ட்டு வரேன். வருவாங்களாம். என்னிக்குன்னு மட்டும் சொல்ல மாட்டாங்களாம்."

"அக்கா ஏன் போனே எடுக்கல?"

"எப்படி எடுக்கும்? மூணு நாளா விடிஞ்சதுல இருந்து தறியிலேயே உக்காந்துக்கினு இருக்குது. நான் போய் மாத்திவிட்டாதான் எழுந்து சாப்பிடும்."