குறைஞ்ச விலைக்கு வந்த தூள்

இருக்கச் சொல்லாதேங்கோ ஐயா, நிண்டால்தான் எனக்குக் கதை வரும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கோ. கொஞ்ச நாளாய்க் கால் ஓரிடத்தில நிக்குதில்லை.

அரசாங்கத்துக்குச் சாமான் வாங்கிறதுதான் என்ரை உத்தியோகம். சொந்தக்காரரிட்டை வாங்கப்படாது, குறைஞ்ச விலைக்காரரை விடப்படாது. இந்த ரெண்டையும் நான் ஒருநாளும் மீறினதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மாரியில, குருநகர்ச் சனம் சண்டையால இடம்பெயர்ந்து வந்து சண்டிலிப்பாயில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தது. வயித்தோட்டம் பரவ, முகாமின்ரை கிணறுகளுக்குக் குளோரின் தூள் வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தடைக்காலம். நல்ல தூள் வைச்சிருந்தது ஒராள்தான், என்ரை மனுசியின்ரை தமையன் தியாகராசா. மச்சானிட்டை வாங்கினால் ஊர் என்ன கதைக்கும்? ஆழ்வாப்பிள்ளை எண்ட வியாபாரி மச்சான்ரை விலையிலும் குறைச்சுத் தாறன் எண்டார். அவரிட்டை வாங்கினன்.

முகாம் தாதி யசிந்தா பையைப் பிரிச்சு மணந்து பாத்தா.

"ஐயா, இதில மணமே இல்லை. வெறும் சுண்ணாம்பு. திருப்பி அனுப்புங்கோ."

நானும் ஒரு கிள்ளு எடுத்து மணந்தன். தாதிப் பிள்ளை சொன்னது சரி. ஆனால் திருப்பினால் மிஞ்சிறது மச்சான்ரை தூள்தான். சொந்தத்துக்காக ஆழ்வாப்பிள்ளையை ஒதுக்கினவர் எண்டு கந்தோரில கூட வேலை செய்யிறவை கதைப்பினம்.

"பழுதில்லைப் பிள்ளை, போடுங்கோ."

"மனமறிஞ்சோ சொல்லுறியள்?"

"பொறுப்பு என்ரை."

அண்டு பின்னேரமே மச்சானிட்டைப் போய், எங்கடை வீட்டுக் கிணத்துக்கு ஒரு தகரப் பேணி தூள் எடுத்தன். அவர் சும்மா கொண்டுபோகச் சொன்னார். நான் விடேல்லை, காசு குடுத்துத்தான் எடுத்தனான்.

அதுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. கந்தோருக்கும் முகாமுக்கும் சைக்கிளில ஓடித்திரிஞ்சன். பிள்ளையள் ஒவ்வொண்டாய்ச் செத்துதுகள். யசிந்தா சனத்துக்கு முன்னாலை சுண்ணாம்பு, சுண்ணாம்பு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சா. சனம் பதறக்கூடாது எண்டு மேலிடத்தில சொல்லி அவவை இடம் மாத்துவிச்சன். அதுக்குப் பிறகு தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

கடைசியாய்ப் போனது முகாமில இருந்த லூர்த்தம்மாவின்ரை மகள். பிள்ளையைப் புதைச்சுப்போட்டு வந்து என்ரை கையைப் பிடிச்சா.

"ஐயா, தண்ணிக்கு மருந்து போட்டனீங்கள்தானே?"

"ஓம்" எண்டன்.

சுண்ணாம்பு எண்டு தெரிஞ்சுதான் போடுவிச்சனான். அதை எழுதுங்கோ. ஆனால் நான் ஒரு சதமும் எடுக்கேல்லை, என்ரை ஆக்களுக்கு ஒரு சலுகையும் குடுக்கேல்லை எண்டதை முதல் வரியாய்ப் போடுங்கோ, ஐயா. வாசிக்கிறவை என்னைப் பிழையாய் நினைக்கக்கூடாது.