இரண்டாவது பொத்தான்

அக்டோபர் 14, செவ்வாய். இன்று மாலை, வேலை முடிந்து போகும் நிரலாக்க வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடும் கட்டளையை விளக்கி, "இது எத்தனை இடத்துல மாத்தும்?" என்று கேட்டார். முதல் இடத்தில் மட்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தேன்.

எப்படித் தெரியும் என்பதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம், தனியாக வசிக்கும் நோயாளிகளுக்கு ஒரு செயலி செய்கிறது. பொத்தானை அழுத்தினால் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகும். சோதனைக் காலத்தில் ஆம்புலன்ஸ்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று கோப்புகளில் என் ஃபோன் எண்ணைப் போட்டிருந்தோம். வெளியீட்டுக்காகக் கோப்புகளைச் செயலியாகத் தொகுக்கும் 'பில்ட்' ஓடும்போது அதை நீக்கி ஆம்புலன்ஸ் எண்ணைத் தானாகப் போடும் நிரலை நான்தான் எழுதினேன். அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் இடத்தை மட்டும் மாற்றியது. ஒரு கோப்பில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டாவது, 'மூச்சு விட முடியவில்லை' என்பது. அது என் எண்ணிலேயே தங்கிவிட்டது.

செயலி வெளியான வாரமே ஓர் அம்மா அழைத்தார். "ஆம்புலன்ஸா தம்பி?"

அவருக்கு மூச்சு வாங்கியது. விளக்கம் சொல்லும் நேரமா அது? "ஆமாம்மா, வருது" என்றேன். முகவரி வாங்கி, ஆம்புலன்ஸை நானே அழைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

அன்றே அந்த வரியைத் திருத்தியிருக்கலாம். ஆனால் ஏன் திருத்துகிறாய் என்று எங்கள் குழுவின் சீனியர் கேட்பார். என் பக்கத்து இருக்கைக்காரரை இதைவிடச் சின்னப் பிழைக்கு வீட்டுக்கு அனுப்பியவர் அவர். இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, அந்த பில்ட் நிரலை ஒருதரம் பாத்துடலாமா?"

"நீ எழுதினது ஓடுறதே அதிசயம். கை வைக்காதே சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பிறகு வேறு சிலரும் அழைத்தார்கள். ஒருவரையும் காக்கவைத்ததில்லை. ஆம்புலன்ஸ் எண்ணில் இசையைக் கேட்டபடி காத்திருக்க வேண்டும். நான் முதல் மணியிலேயே எடுப்பேன். அந்த அம்மா உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் அழைப்பார். "நீ வேலைதான் பாக்குறியா, இல்ல ஃபோனையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறியா?" என்று கேலி செய்வார். வைக்கும்போது, "நீ இருக்கேங்கிற தைரியம்தாம்பா" என்பார். அப்படிச் சொல்பவரிடம் உண்மையை எந்த வாயால் சொல்வது?

வகுப்பில் ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. இதுவரை அந்த நேரத்தில் யாரும் அழைத்ததில்லை. இன்று வெளியே வந்து ஃபோனைப் போட்டபோது, அந்த அம்மாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. படிக்கட்டிலேயே நின்று அழைத்தேன். அவர் மகன் எடுத்தார்.

"ஆம்புலன்ஸா? இனிமே எதுக்கு? ஃபோனைக் கையில பிடிச்சபடியே எங்கம்மா போயிட்டாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நீங்கல்லாம் மனுஷங்களா?"

"மன்னிக்கணும். லைன் பிஸியா இருந்துச்சு" என்றேன்.

என் வரியில் பிழை இருந்தது உண்மைதான். ஆனால் அது இத்தனை நாளும் யாரையும் கைவிடவில்லை. இன்று நடந்ததற்குக் காரணம் அணைத்துவைத்த ஃபோன்.

நாளைய வேலை: வகுப்பில் ஃபோனை அணைக்காமல் வைத்திருக்க ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும்.