பின்பாட்டுக்காரி

இல்லம்மா, என் மூஞ்சிய நீ எங்கயும் பாத்திருக்க மாட்ட. என் முழங்கைய வேணா பாத்திருப்ப. ஹோரஸ் டேன்சின்னு ஒருத்தர் பாடுவாருல்ல, உங்கம்மா வீட்ல அவரு ரெக்கார்டு ஒண்ணாவது கெடக்கும். அந்த அட்டப் படத்துல அவருக்குப் பின்னாடி, ஓரமா, ஒரு பச்சக் கவுனும் ஒரு கையும் தெரியும். அது நான்தான். தலைய வெட்டிட்டானுங்க, எடம் பத்தலன்னு.

நல்லா சாஞ்சு உக்காரு. அந்தப் பைய எதுக்கு மடியில வெச்சு நசுக்குற, கீழ வையி. இந்த பஸ்ஸு மெம்ஃபிஸ் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆவும்.

ஆமா, பாடகிதான். பாடகின்னா, பின்பாட்டு. முன்னாடி ஒரு ஆளு வேர்த்து விறுவிறுத்து, என்னை விட்டுட்டுப் போவாதடின்னு முட்டி போட்டு அழுவாரு. பின்னாடி நாங்க ரெண்டு பொம்பளைங்க, ஒரே மாதிரி கவுனு, ஒரே மாதிரி செருப்பு, உம்முன்னும் ஆன்னும் இழுத்துக்கிட்டு நிப்போம். அவரு அழுகைக்கு நாங்கதான் ஆமாஞ்சாமி. முப்பத்தோரு வருசம், கண்ணு. என் வாயால பாட்டோட வார்த்தைய முழுசா ஒரு வரி சொன்னது கெடயாது.

இல்ல, அதுல எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். எல்லாரும் அப்டித்தான் கேக்குறாங்க, முன்னாடி வந்து பாடணும்னு உங்களுக்கு ஆசையே வரலியான்னு. முன்னாடி நின்னா எல்லாரும் பாப்பாங்கம்மா. எனக்கு அது ஆவாது. பின்னாடின்னா, பக்கத்துல ஓசெல்லா இருப்பா.

அதான், அந்த இன்னொருத்தி. மேல் குரல் அவ, கீழ்க் குரல் நானு. ஒரே மைக்குதான் ரெண்டு பேருக்கும். என் தொண்டை பெருசு, அதனால நான் அரை அடி பின்னாடி நிக்கணும். மூச்சு இருக்கு பாரு, அதுதான் எங்க தொழிலே. ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு எடுக்கக் கூடாது. எடுத்தா சத்தத்துல ஓட்ட விழுந்துரும். அவ எடுக்கறப்ப நான் தாங்கணும், நான் எடுக்கறப்ப அவ தாங்குவா. இழுக்குற இழுப்புக்கு நடுவுல கூட எடுப்பேன், ஒருத்தனுக்கும் தெரியாது. கேக்கறவனுக்கு இந்தப் பொம்பளைங்க மூச்சே விடலியோன்னு இருக்கும்.

ஒரு தடவ லண்டன்லேர்ந்து நாலு பசங்க வந்தானுங்க. ராக் பாட்டு. தோள் வரைக்கும் முடி, குளிச்சு எத்தன நாளோ தெரியாது. எங்க சர்ச்சு சத்தம் வேணுமாம் அவனுங்க ரெக்கார்டுல. ஓசெல்லா மூஞ்சிக்கு நேராவே சொன்னா, சர்ச்சு சத்தம் வேணும்னா சர்ச்சுக்குப் போங்க தம்பிங்களா, அங்க சும்மாவே குடுப்பாங்க, கூடவே சோறும் போடுவாங்கன்னு. விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எட்டு மாசம் அவங்களோட ஊர் ஊரா சுத்துனோம். கிடார் போடற கத்தல்ல எங்க குரல் எங்களுக்கே கேக்காது. அவ முதுகுல கைய வெச்சுக்கிட்டுதான் பாடுவேன். வெலா ஏறுனா, சரி, அவ மூச்சு எடுக்குறா, நாம தாங்கணும்னு தெரிஞ்சுக்குவேன்.

சிநேகிதியா? கூத்துதான் போ. கொறட்ட விடுவா, லாரி ஓடுற மாதிரி. ஓட்டல் ரூம்ல அவ ஸ்டாக்கிங்ஸையெல்லாம் என் வாஷ்பேசின்லதான் ஊறப் போடுவா. நான் வாங்குன பீச் பழப் பலகாரத்த, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பாதி தின்னுட்டு, பாதிதான் வெச்சான், கடக்காரன் மோசம்னு சொல்லுவா. சண்ட போடாத நாளு கெடயாது. பாட்டு நின்னதும் அவ டஸ்கம்பியாங்கற ஊருக்கு, அவ மக வீட்டுக்குப் போயிட்டா. நான் மெம்ஃபிஸ்லயே. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும், நானும் ஒண்ணு போடுவேன். அஞ்சு வருசமா ஒரு போன் பண்ணலியே நான். பண்ணி என்ன பேசுறது? அவ எடுத்தா நான் கீழ புடிப்பேன், அதான் எங்களுக்குப் பேச்சு. வெறும் பேச்சு எங்களுக்கு வரவே வராது.

எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டல்ல. அவ சாவுக்குத்தான் போனேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆராதனை.

ச்சே, அழாத. நீ எதுக்கு அழுவுற, பாத்ததே இல்ல அவள.

போன செவ்வாக்கெழம அவ மக ஜெனீவா போன் பண்ணுனா. அத்தே, அம்மா போயிட்டாங்க, ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்காங்க, அதுல உங்க பேரு இருக்குன்னா. படிடின்னேன். என்னை அவ லூன்னுதான் கூப்புடுவா. என்ன எழுதியிருக்கா தெரியுமா? என் சாவுல லூ ஒருத்தி மட்டும் பாடணும். ஆர்கன் வாசிக்கக் கூடாது, கோயர்ப் பாட்டுக்காரங்க எந்திரிக்கக் கூடாது. முப்பத்தோரு வருசமா எனக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டா, நான் படுத்துக் கெடக்கும்போது எங்க போயி ஒளியுறான்னு பாக்கறேன். ஒரு தடவையாவது அவ தனியாப் பாடி நான் கேக்கணும். இப்டி. திமிரப் பாரு. போகும்போதும் என்னைய வம்புக்கு இழுத்துட்டுதான் போயிருக்கா.

சிரிச்சிட்டு, போன வெச்சிட்டு, சமையக்கட்டுல உக்காந்து அழுதேன். எங்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதாம்மா. வாழ்நாள்ல வேற எதுவும் கேட்டதில்ல, அந்தப் பலகாரம் தவிர. அதையும் கேக்காமத்தான் எடுத்துக்குவா.

எப்டிப் பாடுனேனா? இரு, அதுக்கு வர்றேன்.

மூணு நாள் குளிக்கற ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு பழகுனேன். சர்ச்சுல எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். சின்னப் புள்ளயிலேர்ந்து கேக்கறது, வார்த்தையெல்லாம் மனப்பாடம். மேல் மெட்டு என் குரலுக்குக் கொஞ்சம் ஒசரம், அதனால கீழ எறக்கி எடுத்தேன். நல்லாத்தான் வந்துச்சு. பக்கத்து வீட்டு பிக்கன்ஸ் செவுத்தத் தட்டுவாருன்னு பாத்தா, ரெண்டாவது சரணத்தத் திரும்பப் பாடச் சொல்றாரு. இந்தக் கறுப்பு ட்ரெஸ் அதுக்குன்னே தச்சது. தொப்பி பையில இருக்கு.

சர்ச்சு ரொம்பி வழியுது. காகித விசிறி வீசுற சத்தம். நோட்டீஸ்ல என்ன பாட்டுன்னு அச்சடிக்கல, சிஸ்டர் லுவீனியா பாடுவார்னு என் முழுப் பேர மட்டும் போட்டிருந்தாங்க. வெள்ளக் கையுற போட்ட ஒரு அம்மா என்னக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயி மைக்குக்கு முன்னாடி விட்டா. பக்கத்துல பெட்டி, தெறந்திருக்கு. ஊதாக் கலர் ட்ரெஸ் போட்டு, முடியெல்லாம் அழகா பண்ணி வெச்சிருக்காங்க. நான் என்னையும் அறியாம அரை அடி பின்னால போயிட்டேன்.

நின்னேன். வாயத் தெறக்கல. அவ எடுக்கட்டும்னு நின்னேன்.

பைத்தியம் இல்லம்மா நான். செத்தவ எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா ஒடம்புக்குத் தெரியல. அவ பாடவேண்டிய ஒரு வரிக்கு எவ்ளோ நேரமோ அவ்ளோ நேரம் உள்ளுக்குள்ள கணக்குப் போட்டு, சரியான எடத்துல வாயத் தெறந்தா, உம்ம்னு வருது. கீழ்க் குரல். பதில் மட்டும். வார்த்த ஒண்ணு கூட இல்ல. மறுபடி நிறுத்துனேன், அவ வரிக்கு எடம் விட்டேன். மறுபடி உம். நடுவுல என் மூச்சு, அவ தாங்குவான்னு நெனச்சு எடுத்தது, அப்டியே ஓட்டையா விழுது. சர்ச்சு மொத்தத்துக்கும் கேட்டுச்சு.

எங்க சர்ச்சுல யாராவது தடுமாறுனா விட மாட்டாங்க, கூடவே பாடித் தூக்கிருவாங்க. மெதுவாப் பாடும்மா, அவசரமே இல்லன்னு நாலா பக்கமும் கொரல் குடுத்தாங்க. ஆனா எதத் தூக்குறது? என்ன பாட்டுன்னே ஒருத்தருக்கும் புரியல. முன்னூறு பேரு வாயத் தெறந்து வெச்சிக்கிட்டு, எங்க சேந்துக்கறதுன்னு தெரியாம என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தணும்னு தெரியுது, முடியல. மூணு சரணமும் அப்டியே பாடி முடிச்சேன், கண்ணு. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் செய்யல நானு.

உக்காரல. பக்கத்துக் கதவு வழியா வெளிய வந்து, நேரா பஸ் ஸ்டாண்டு. ஜெனீவா பின்னாடியே ஓடி வந்தா, அத்தே சாப்பிட்டுட்டாவது போங்கன்னு. திரும்பிப் பாக்கல நான்.

மணி என்னாவுது? மூணேகாலா. அப்ப இந்நேரம் அவளக் குழிக்குள்ள எறக்கியிருப்பாங்க.

என்ன பாட்டா? உங்க சர்ச்சுலயும் இருக்கும், ஆத்தத் தாண்டுனா வீடு இருக்குன்னு ஆரம்பிக்கும். ஆமா, அதேதான். நல்லாத்தான் எடுக்குற, குரல் சுத்தமா இருக்கு. வேணாம்மா, நிறுத்து. கோவம் இல்ல, நீ தப்பு ஒண்ணும் பண்ணல. நீ அந்த வரிய எடுத்தேன்னா என் வாயி தானா வந்து கீழ சேந்துக்கும், முப்பத்தோரு வருசப் பழக்கம். அப்புறம் ஓசெல்லா இல்லாமயும் வருதேன்னு ஆயிரும்.